வாடியில் யார் தாத்தா

எழுத்து எனக்குத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். அவள் இடையிடையே பேனையை வைத்துவிட்டுச் சிரிப்பதால் கொஞ்சம் நேரம் எடுக்கிறது.

யுத்தம் முடிந்து, மீன் தாராளமாக வரத் தொடங்கிய காலம். வீட்டுக்காரர் மவுத்தாகிப் போன பிறகு, பள்ளிவாசல்துறைப் பக்கம் மீன் காயவைக்கும் எங்கள் கருவாட்டு வாடியை நான்தான் பார்த்தேன். வேலைக்கு வரும் பெண்கள் என்னைத் தாத்தா என்பார்கள். எங்கள் ஆட்களுக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி. என்னைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். வயது கூடினாலும் மரியாதையும் கூடுகிறதே என்று இருந்துவிட்டேன்.

உப்பு மூட்டை தூக்க, ஆனமடுவைப் பக்கத்துச் சிங்கள ஆள் ஒருவனை என் தம்பி கூட்டி வந்தார். சம்பளம் கொடுப்பதும் தம்பிதான். அவனுக்குத் தமிழ் தெரியாது. என் சிங்களம் சந்தையில் விலை பேசுவதோடு சரி. இரண்டு பேர் தூக்கும் மீன் கூடையை அவன் தனியே தூக்குவான். தேநீருக்கு அவன் போடும் சீனியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அதை விடுங்கள்.

நான் சொன்னால் மட்டும் செய்யமாட்டான். மூட்டையைக் காட்டி, அங்கே வை என்றால், சிரித்துக்கொண்டு நிற்பான். அதையே சிலாபத்திலிருந்து வந்து எங்களோடு வேலை செய்த பெண் போய்ச் சிங்களத்தில் சொன்னால் ஓடுவான். பெண் முதலாளி என்றபடியால் மதிக்கிறான் இல்லை என்று எனக்குள் புகைந்தது. ஒருநாள் மீனுக்கு உப்பு போதாது என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் வெட்டிக்கொண்டிருந்த மீனைக் கையால் காட்டினான். உன் வேலையைப் பார் என்பதுபோல.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

“இவன வெச்சி வேல வாங்க ஏலா, தாத்தா. வெள்ளிக்கிழம ஜும்மா முடிய அனுப்பிடுவம்.”

சரி என்றேன். அவ்வளவு நல்ல உடம்புக்காரன் இனிக் கிடைப்பானா என்ற கவலையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மேகம் கறுத்தது. முற்றம் முழுக்க நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது. நனைந்தால் கோழித் தீனிக்குத்தான் ஆகும். தார்ப்பாய்ப் படங்கை எடுத்து மூடச் சொல்லி நான் கத்துகிறேன், அவன் அசையவில்லை. சிலாபத்துப் பெண் ஓடி வந்து, தாத்தா கூப்பிடுகிறார் என்று சிங்களத்தில் சொன்னாள். அவன் என்னைத் தாண்டிப் பின்னால் இருந்த உப்புக் குடிலுக்கு ஓடினான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

“கோ தாத்தா?”

தாத்தா எங்கே என்கிறான். அவள் என்னைக் காட்டினாள். அவன் என்னைப் பார்த்தான், குடிலைப் பார்த்தான்.

“மே அம்மாத தாத்தா?”

சிலாபத்துப் பெண் நெத்தலிக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாள். சிங்களத்தில் தாத்தா என்றால் வாப்பா. இந்த அம்மாவா அப்பா என்று கேட்கிறான் மனுசன்! அவள் சிங்களம் பேசினாலும் என் பேரைப்போலத் தாத்தா, தாத்தா என்றே சொல்லி வந்திருக்கிறாள். முதலாளி நடமாட முடியாத வயோதிபர், குடிலுக்குள் படுத்திருக்கிறார், நான் மீன் வெட்ட வந்த வாய்க்காரி என்று அவன் முடிவு கட்டியிருந்தான். பாவம், அந்த நோயாளிக்கென்று செவ்விளநீர்கூடக் கொண்டுவந்து குடில் வாசலில் வைத்திருக்கிறான். தம்பி வைத்தது என்று நினைத்து நாங்கள் குடித்துவிட்டோம், நல்ல இனிப்பு.

சிரித்து முடிப்பதற்குள் மழை விழுந்தது. அவன் ஒற்றை ஆளாகப் படங்கை இழுத்து மூடினான். அது பழைய படங்கு, கிழிசல் வழியே ஓரத்து நெத்தலி கொஞ்சம் நனைந்தது. நனைந்த தலையோடு வந்து, என் முன்னால் இரண்டு கையையும் கூப்பி ஏதோ சொன்னான். மன்னிப்புக் கேட்கிறான், ஆனால் பொம்பிளையைத் தாத்தா என்று கூப்பிட வாய் வரவில்லையாம், அம்மா என்றுதான் சொல்வானாம் என்றாள் சிலாபத்துக்காரி. தாராளமாகச் சொல்லட்டும் என்றேன்.

ஜும்மா முடிந்து தம்பி வந்தார். முற்றத்தில் அவனைக் காணவில்லை.

“அனுப்பிட்டீங்களா?”

“ஓம், அனுப்பிட்டன். புத்தளத்துக்கு, புதுப் படங்கு வாங்க.”