எல்லை நடந்தவர்

மேடை ஏறினால் எதிரணியை மூன்றே கேள்விகளில் மடக்கிவிடுவேன் என்ற செருக்கு எனக்கு உண்டு. விழுப்புரத்துச் சொற்போர்ப் போட்டிகளில் வென்று திரும்பிய நாட்களில் அதற்கு நியாயமும் இருந்தது. ஆகவே, திண்டிவனத்து மிராசுதார் ஒருவர் தம் பழைய வீட்டை வாசகசாலைக்குக் கொடுத்தபோது, அவ்வீட்டின் ஆதி உரிமையாளர்களைப் பற்றித் திறப்பு விழாவில் பேச வாசகசாலைக்காரர்கள் என்னை அழைத்தார்கள். சேரிப் பையன் ஒருவன் மேடையில் நின்றால் விழா பொலியும் என்று எண்ணியவர்களும் அவர்களில் உண்டு. எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

விசாரித்தேன். மிராசுதாரின் பாட்டனார் அந்த வீட்டை ஓர் அவுரிச் சாய வியாபாரியிடம் வாங்கியிருந்தார். வியாபாரியின் பேரன் விழுப்புரத்தில் இருந்தார்.

"எங்க தாத்தா கட்டின ஊடுதாம்பா அது. அதுக்கு முன்ன வெறும் மேடு. யாரும் இல்ல."

யாருமே இல்லாத மண் என்று ஒன்று உண்டா?

விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, பின்சுவர் தம் நிலத்தில் நிற்பதாக அடுத்த மனைக்காரர் தகராறு செய்தார். மிராசுதார் எங்கள் ஊரான பெருமுக்கல்லிலிருந்து என் சித்தப்பாவை வரவழைத்தார். எங்கள் பக்கத்து வழக்கம் அது: எங்கள் குலத்தார் ஒருவர் தலையில் நீர்க்குடம் ஏந்தி நடப்பார், அவர் நடந்த தடமே எல்லை. சித்தப்பா நடந்தார். சுவர் மிராசுதார் பக்கமே நின்றது. அடுத்த மனைக்காரர் முணுமுணுத்தார்.

மிராசுதார் அதட்டினார்: "யோவ், ஆதியில இந்த மண்ணுல இருந்தவங்கய்யா அவங்க. அவங்க காலு பொய் சொல்லாது."

கேட்காமலே கிடைத்த சான்று! விழா மேடையில் அவ்வாக்கியத்தை அப்படியே எடுத்துவைத்தேன். "ஆதியில் இருந்தவரே எல்லை அறிவார் என்றால், இம்மனையின் முதல் உரிமையாளர் யார்? வாசலில் பதிக்கவிருக்கும் கல்லில் சேரியாருக்கு ஒரு வரி வேண்டாமா?"

மிராசுதார் கோபப்படவில்லை.

"ஏம்பா, ஊட்டு நாயிக்குங்கூடத்தான் எல்ல தெரியும். அதுக்காவ ஊட்ட நாயிக்கி எழுதிவெக்கறதா?"

பந்தலே சிரித்தது. மறுப்புரை என் நாவில் இருந்தது. அதற்குள் பந்தலுக்கு வெளியே நின்றிருந்த சித்தப்பா கைகூப்பிவிட்டார்.

"சாமி, படிச்சிக்கினு இருக்கற புள்ள. எடம் தெரியாம பேசிடுச்சி. மனசுல வெச்சிக்காதீங்க." பிறகு என்னைப் பார்த்து, "எறங்கி வாடா. நாளிக்கி அவுரு கழனியிலதான நம்ப எல்லாருக்கும் வேல?"

எதிரணிக்கு விடை சொல்ல எனக்குப் பயிற்சி உண்டு. சித்தப்பா எதிரணி இல்லை. இறங்கினேன்.

கல்லில் அவுரி வியாபாரியின் பெயர் முதலிலும் மிராசுதாருடைய பாட்டனாரின் பெயர் அடுத்தும் இருக்கின்றன. அதற்குக் கீழே வெட்ட இடம் விடவில்லை. மறு ஆண்டு வேறொரு மனைத் தகராறுக்குச் சித்தப்பாவை அழைத்தார்கள். குளித்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.