கன்னம் சிவந்த வாரம்

மலேசியாவின் பத்தாங் காலியில் அண்ணன் வீடும் என் வீடும் ஒரே வரிசை. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அண்ணி ரவாங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் நாள்களில் அவருடைய ஐந்து வயது மகள் என்னிடம்தான் இருப்பாள். அந்த வாரம் அவளுக்குச் சளி, லேசான காய்ச்சல். மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டினேன். மீந்ததை அதே கரண்டியால் நானே சாப்பிட்டேன். எனக்குக் கொழுப்புதான், வேறென்ன.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் அவளுடைய இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன. அழைத்துப்போக வந்த அண்ணி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளய அறைஞ்சியா?"

"ஐயோ, நான் ஏன் அண்ணி அடிக்கப்போறேன்? அவகிட்டயே கேளுங்க லா!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மறுநாள் கைகாலிலும் சிவப்பு படர, அம்மா அதை அம்மை என்று முடிவுகட்டி அண்ணன் வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார். "புள்ளத்தாச்சி நீ, இந்தப் பக்கமே வராத." அண்ணி லீவு போட்டுப் பிள்ளையோடு அறைக்குள் இருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் இருவரையும் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா கன்னத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "அம்மை இல்ல. பார்வோவைரஸ். பிள்ளைங்களுக்கு வரும், தானா போயிடும்." பிறகு அவர் பார்வை என் வயிற்றில் நின்றது.

"காய்ச்சலப்ப இவ யார்கூட இருந்தா?"

"பகல்ல என்கூட."

"தடிப்பு வந்த பிறகு இது அவ்வளவா தொத்தாது. அதுக்கு முன்னால, சளி இருக்கும்போதுதான் தொத்தும். பெரியவங்களுக்கு மூட்டு வலிக்கும், சிலருக்கு ஒன்னுமே தெரியாது. ஆனா வயித்துப் பிள்ளைக்கு ரத்தம் குறைஞ்சிடலாம். எல்லாருக்கும் அப்படி ஆகாது. உங்க ரத்தத்தைப் பார்த்திடுவோம்."

அம்மா வேப்பிலை செருகுவதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் பிள்ளை அசைந்தால் பயம், அசையாவிட்டால் அதைவிடப் பயம். அந்தச் சின்னவள் மேல்கூடக் கோபம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

முடிவு வந்த அன்று அண்ணியும் கூட வந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே எப்பவோ வந்து போயிருக்கு. எதிர்ப்புச் சக்தி இருக்கு. பயப்படாதீங்க," என்றார் டாக்டரம்மா. நான் வாய்விட்டு அழுதேன். அண்ணியின் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது.

"டாக்டர், எனக்கும் ரத்தம் எடுங்க," என்றார் அண்ணி. "ரெண்டு மாசம். மூணு முடியட்டும்னு வீட்டுல யாருக்கும் சொல்லல."

காய்ச்சலடித்த அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்து பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்தவர் அவர்தான்.