நான் சொன்ன வயிற்றுவலி

என் மகள் ரூத்துக்கு வயிற்றுவலி வந்ததே இல்லை. ஆனாலும் எங்கள் சபைப் பெண்கள் நான்கு வெள்ளிக்கிழமை அவளுடைய வயிற்றுவலிக்காக முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்தான்.

பள்ளிக்கூடங்களில் மதியச் சாப்பாடு போடத் தொடங்கிய புதிது. குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ரூத் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவளுக்குத் திக்குவாய். வாத்தியார் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சட்டென்று சொல்ல வராது. "உ... உ..." என்று அவள் திணறும்போதே வகுப்பு மொத்தமும் சேர்ந்து "உ... உ..." என்னுமாம். தொடங்கிவைப்பவள் கிரேஸ், எங்கள் சபை அன்னம்மாளின் மகள். சாப்பாட்டு வரிசையிலும் அதே கேலி. பிள்ளை சாப்பிடாமலே திரும்பி வருவாள். ஒருநாள் என் மடியில் படுத்துக்கொண்டு திக்கித் திக்கிக் கேட்டாள்.

"நான் ஊமையாப் பொறந்திருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்கல்ல ஆத்தா?"

படிப்பை நிறுத்திவிடலாம் என்றார் வீட்டுக்காரர். படிப்பென்றால் உயிரை விடுகிற பிள்ளை அவள்.

வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அவரவர் பாரத்தை வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். எனக்கோ வாய் நீளம். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பேர் வைத்தவளே நான்தான். என் பிள்ளையைக் கேலி செய்கிறார்கள் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? வயிற்றுவலி என்றேன். அன்னம்மாள் விளக்கெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். பாவம், ரூத் அதையும் பேசாமல் குடித்தாள். நான் மட்டும் தனியே, "கர்த்தாவே, அவள் நாவைச் சரியாக்கும்" என்று மன்றாடினேன்.

நான்காம் வெள்ளிக்கிழமை, அன்னம்மாள் எழுந்திருக்கும்போது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேட்டால், ரூத்தின் வயிற்றுவலி தீர வேண்டும் என்று காலையிலிருந்து உபவாசமாம். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன். கிரேஸின் பேரையும் சொன்னேன். அன்னம்மாள் சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா? திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நானும் கூட வாரேன்."

சொன்னபடியே வந்தாள். ரூத் சொல்லி முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படி அவளே வாத்தியாரிடம் கேட்டாள். கிரேஸ் மன்னிப்புக் கேட்டு ரூத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். ரூத்தின் பேர் வந்தது. "உ... உ..." பின்னாலிருந்து ஒரு பையன் தொடங்கினான். கிரேஸ் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அடங்கிவிட்டான். பிறகு ஒரு சத்தமில்லை. என் மகள் திணறித் திணறி முழுவதையும் சொல்லி முடித்தாள். அன்னம்மாள் என் கையை விடவே இல்லை.

அன்று மதியம் ரூத் வயிறாரச் சாப்பிட்டாள். படிப்பு நிற்கவில்லை. நானும் பட்டப்பேர் வைப்பதை விட்டேன்.

அவளுடைய திக்கல் இன்னும் போகவில்லை. ஆனால் என் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அன்பானவர்களே, உங்கள் பாரத்தை வேறு பேர் சொல்லி மறைக்காதீர்கள். உள்ளதை உள்ளபடி கர்த்தரிடமும் சொல்லுங்கள், அவர் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். என் மகள் பேசி முடிக்கும்வரை காத்திருக்க ஒரு வகுப்பையே கொடுத்தவர், உங்களுக்கும் யாரையாவது கொடுப்பார்.