பிரிட்ஜில் உறைந்த ரசம்

அம்மா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. வெயிலையும் பஸ் நெரிசலையும் பாராமல் ஆலங்காயம் வரை வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அம்மாவைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மேலே பல்லி விழுந்தால் தெருவையே கூட்டிவிடுகிறவள். ஆனால் இந்த இரண்டு பக்கத்தை எழுதப் பயந்த அளவுக்கு நான் எதற்கும் பயந்ததில்லை. அம்மா கடைசியாக ஆசைப்பட்டுச் சாப்பிட்டதை என் கையால்தான் ஊட்டினேன். அதனால்தான் அவர் போய்விட்டாரோ என்கிற நினைப்பு ஒரு வருடமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மா பிறந்தது ஜவ்வாது மலைமேல் ஒரு சிற்றூரில். சாமையும் புளியும்தான் அந்த வீட்டுக்கு வருமானம். ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பத்தொன்பது வயதில் அப்பாவைக் கட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கி வந்தார். எனக்கு ஐந்து வயதும் அண்ணனுக்கு ஒன்பது வயதும் இருக்கும்போது அப்பா காமாலையில் போய்ச் சேர்ந்தார். எங்களைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, அம்மா குவைத்துக்குச் சமையல் வேலைக்குப் போனார். விமானத்தில் ஏறும்போது பயந்துபோய், முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாராம். எனக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

அங்கே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். முதல் வாரமே வீட்டுக்காரம்மா ஒரு பெரிய மாட்டுத் தொடைக்கறியைக் கொண்டுவந்து சமையல் மேடைமேல் வைத்துவிட்டார். பொங்கலுக்கு மாட்டுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்ட கை அம்மாவுடையது. "மாட்டேன்னா வேல பூடும். கண்ண மூடினு தொட்டுட்டேன்" என்பார். அன்று செய்தது சூடான மாட்டுக்கறி சாண்ட்விச்சும், தொட்டுக்கொள்ள அந்தக் கறியின் சாறும். மிச்சம் இருந்ததைத் தின்று பார்த்தவர் அப்புறம் விடவில்லை. "ருசின்னா ருசி. பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஏழு வருடம் கழித்து அம்மா திரும்பி வந்தபோது பெட்டியில் எங்களுக்குத் துணிமணியும், அட்டைப்பெட்டியில் ஒரு சின்ன ஓவனும் வந்தன. வாணியம்பாடியில் கறி வாங்குவார். டிபன் கேரியரில் போட்டு, மேலே கீரைக்கட்டைப் பரப்பிப் பஸ்ஸில் கொண்டுவருவார். கறியை வெட்டக் கூடாது, முழுசாகவே இருக்க வேண்டும். உப்பும் இடித்த மிளகும் பூண்டும் தடவி ஊறவைத்து, இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்கப் புரட்டி, ஓவனில் வைப்பார். வெளியே எடுத்ததும் கத்தியை வைத்தால் கை மேலேயே அடி விழும். "சூடு அடங்கட்டும்டி, அவசரக்குடுக்க. இப்ப அறுத்தா சாறெல்லாம் பலகைலயே பூடும்." சட்டியில் ஒட்டிய காந்தலில் வெங்காயம் வதக்கி, எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றிச் சுண்டவைத்து வடிகட்டினால் அதுதான் சாறு. புளி கிடையாது, மிளகாய் கிடையாது. கறியை நாருக்குக் குறுக்கே, வெற்றிலை கனத்துக்குச் சீவி, சாற்றில் ஒரு முறை முக்கி எடுத்து, வெண்ணெயில் வாட்டிய நீள பன்னுக்குள் வைப்பார். ஒவ்வொரு வாய்க்கும் அந்தப் பன்னைக் கிண்ணத்துச் சாற்றில் நனைத்துத்தான் கடிக்க வேண்டும். முழங்கை வரை ஒழுகும்.

இதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான். அண்ணனுக்குக் கல்யாணமான பிறகு ஜன்னலையும் சாத்தினோம். அண்ணியின் பிறந்த வீடு செங்கத்தில். முட்டை வேகிற வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற குடும்பம். "தெரிஞ்சா பொண்ணு பெட்டியத் தூக்கினு பூடுவா" என்று அம்மாவுக்கு நடுக்கம். அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு, அண்ணி செங்கம் போகிற அன்று மட்டும் செய்வோம். அண்ணி வருவதற்குள் பாத்திரம் தேய்த்து, சாம்பிராணி போட்டு, மிச்சச் சாற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றி பிரிட்ஜில் வைத்துவிடுவோம். அதற்கு எங்கள் வீட்டில் பெயர் மிளகு ரசம். ஆறு வருடம் இப்படியே ஓடியது.

பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு குழறியது. எல்லாவற்றையும்விட, விழுங்குவது போயிற்று. தண்ணீர் மாதிரி ஓடுவதும் ஆகாது, காய்ந்ததும் ஆகாது, கொழகொழவென்றுதான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொரு வாய்க்கும் பிறகு "ஆ" சொல்லச் சொல்ல வேண்டும். குரல் கரகரத்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ஆறு மாதம் மூன்று வேளையும் அம்மாவின் தொண்டையைப் பார்த்துக்கொண்டே நான் உயிரைக் கையில் பிடித்திருந்தேன்.

அந்தக் கடைசி ஞாயிறு அண்ணி செங்கம் போயிருந்தார். அம்மா இடது கையால் ஓவனைக் காட்டினார்.

"வேணாம்மா. எனக்குப் பயமா கீது."

"நனச்சி... குடு" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. அண்ணன் கறி வாங்கிவந்தார். அம்மா கட்டிலில் இருந்தபடி கண்ணாலேயே அதட்ட, நான் செய்தேன். கறியைத் தூளாகக் கொத்தி, பன்னைச் சாற்றில் ஊறவைத்துக் கூழாக மசித்து, விரல்நுனி அளவு ஊட்டினேன். முதல் வாய், ஆ. இரண்டாவது, ஆ. மூன்றாவது, ஆ. நாலாவதுக்கு இருமல் வந்துவிட்டது. முகம் சிவந்து கண் பிதுங்கியது. "ஐயோ அண்ணா" என்று கத்தினேன். தண்ணீர் கொடுக்கவும் கூடாதே! முதுகைத் தடவிக்கொண்டு குலதெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். இருமல் நின்றது. அம்மா தெளிவாக "ஆ" என்று சொல்லிக் காட்டி, ஒரு பக்க வாயால் சிரித்து, "இன்னும்" என்றார். நான் ஐந்தாவது வாயையும் கொடுத்தேன். இந்த ஒரு வருடமாக என்னை விடாமல் துரத்துவது அந்த ஐந்தாவது வாய்தான்.

மறுநாள் காலையில் காய்ச்சல். மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "கடைசியா வாய் வழியா என்ன குடுத்தீங்க?" என்னைச் சுற்றிப் பெரியப்பா நிற்கிறார், செங்கத்திலிருந்து அண்ணியோடு வந்த அவர் அம்மா நிற்கிறார், அண்ணி நிற்கிறார். அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார். "ரவா கஞ்சிங்க" என்றேன். மூன்றாம் நாள் மதியம் அம்மா போய்விட்டார்.

வைத்தியம் பார்க்கிறவரிடம் பொய் சொன்ன மகளை உங்களில் யார் மன்னிப்பீர்கள்? உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு வைத்தியம் செய்திருப்பாரோ, அம்மா பிழைத்திருப்பாரோ? அந்தப் பொய்யைப் பற்றி அண்ணனிடம்கூட வாய் திறக்கவில்லை. ஒரு வருடமாக யாராவது எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால் அவர்கள் தொண்டையையே பார்க்கிறேன். தையல் கடையில் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போதே "ஆ" என்று அம்மா குரல் கேட்கும், கால் நின்றுவிடும்.

இந்த மலருக்கு முதலில் எழுதிக் கொடுத்த கட்டுரையிலும் "அம்மா கடைசியாக என் கையால் ரவா கஞ்சி அருந்தினார்" என்றுதான் எழுதினேன். பிழை பார்க்க அண்ணன் அதை அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி தையல் கடைக்கே வந்தார். அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்திருந்தார்.

"இது பொய்தான?" என்றார்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு ஸ்டூலை நகர்த்தினேன்.

"எத்தினி வருஷமா பாக்கறேன். நான் ஊருக்குப் போய்ட்டு வர்ற ஒவ்வொரு வாட்டியும் பிரிட்ஜ்ல மொளகு ரசம் ஒறஞ்சி போய் கெடக்கும். கவுத்தா கூட வுழாது. மேல கொழுப்பு வேற. ஏம்மா, எந்த ஊர்ல ரசம் ஒறையும்?"

"தெரிஞ்சி ஏன் அண்ணி கேக்கல?"

"அத்தை எனக்குப் பயந்து மறைக்கிறாங்க. எனக்குத் தெரியும்னு சொன்னா கூனிக் குறுகிப் பூடுவாங்க. சாப்டட்டும், ஆசைப்படறதத் தின்னட்டும்னு விட்டுட்டேன். மாசாமாசம் எங்க அம்மா வூட்டுக்கு எதுக்குப் போனேன்னு நெனச்ச? அங்க இன்னா எனக்கு விருந்தா வெச்சாங்க?"

பிறகுதான் அண்ணி அதைச் சொன்னார். அந்த ஞாயிறு மாலை ஊரிலிருந்து வந்தவர் பிரிட்ஜில் கிண்ணத்தையும் குப்பையில் எலும்பையும் பன் கவரையும் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் நான் கஞ்சி என்று சொன்னதும், டாக்டர் பின்னாலேயே ஓடி, "கஞ்சி இல்ல சார், மாட்டுக்கறியும் பன்னும், சாறுல நனச்சிக் குடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டார். நல்லவேளை சொன்னீர்கள் என்று அவர் உடனே நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே கறியும் இல்லை, ரொட்டியும் இல்லை. இப்படிப் படுத்தவர்களுக்கு எச்சிலே கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்குள் இறங்கிவிடும், பல நாளாக இறங்கியிருக்கிறது என்றாராம். நான் சொன்ன பொய்யால் ஒரு ஊசிகூடத் தவறவில்லை.

"நீ இப்டி பயந்துனு கெடக்கறன்னு எனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே" என்று அண்ணி அழுதார். நானும் அழுதேன். பயம் முழுசாகப் போய்விட்டது என்று எழுத மாட்டேன். ஆனால் அன்று மதியம் என் எதிரில் அண்ணி சாப்பிட்டார், நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். எங்களை வளர்த்த சித்திக்கும், விழுங்கக் கற்றுக்கொடுத்த நர்ஸம்மாவுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஆட்டோ எடுத்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரியப்பா இதைப் படித்துவிட்டு என்ன சொல்வாரோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. உங்கள் இலைக்கு வருவது சாம்பாரும் கூட்டும் வடையும்தான். அவை வெந்தது தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில். நீங்கள் யாரும் பயப்பட வேண்டாம், பயப்படுவது என் வேலை.

எல்லோருக்கும் மேலாக அண்ணிக்கு நன்றி. இன்று அம்மாவின் படத்துக்கு முன்னால் ஓரமாக ஒரு இலையை மூடி வைத்திருப்போம். அதில் இருப்பதை நான் செய்தேன். நீள பன்னை மட்டும் வைத்தால் போதும், சாறு வைத்தால் ஊருக்கே வாசனை தெரிந்துவிடும் என்று நடுங்கியவளும் நான்தான். அண்ணி ஒப்பவில்லை.

"கிண்ணத்துல ரசத்தையும் வை. காஞ்ச ரொட்டிய அத்தை எப்டி முழுங்குவாங்க?" என்றார்.