பஸ்ரியன் அண்ணை காத்து நின்ற பத்து நிமிடம்

கோயிலில் யாராவது விசாரித்தால், "அவருக்குச் சுற்றாடல் வேலை" என்று யூஜினி சமாளித்துவிடுவார். அவருடைய கணவர் பஸ்ரியன் அண்ணை உண்மையில் செய்தது குப்பைமேட்டு வேலை. அஜின்கோர்ட் வீட்டிலிருந்து விடியக் கார் எடுத்து, பிக்கரிங் நகரையும் தாண்டி வந்து, வல்லூறைப் பறக்கவிட்டுக் கடற்காகங்களைக் கலைப்பார். அதே குப்பைமேட்டு வாசலில் லொறிகளை எடை நிறுத்து உள்ளே விடுகிறவள் நான்.

நான் தொன்னில் நிறுப்பேன், அவர் கிராமில். தினமும் காலையில் ரூபி என்ற அந்தப் பெட்டை வல்லூறைச் சின்னத் தராசில் ஏற்றிவிட்டு வந்து என் யன்னலில் தட்டுவார். "தொளாயிரத்து நாப்பது, யோகராணி. பிள்ளை நல்லாய் இருக்கு." வரிசையில் பத்து லொறி நிற்கும்போது எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும். ஆனால் ஒரு நாள் தட்டாவிட்டால் எட்டிப் பார்ப்பேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன செப்டம்பரில் ரூபி குட்டைக்கரையில் ஒரு காட்டுத் தாரா வாத்தைப் பிடித்தது. அது பறக்க முடியாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்த தாரா. பறவைக் காய்ச்சல் பரவும் காலமென்பதால் எங்களிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. வல்லூறு எதைப் பிடித்தாலும், காடை இறைச்சியைக் காட்டி அதைக் கையுறை போட்ட கைக்குக் கூப்பிட்டுவிட்டு, பிடித்ததைப் பையில் கட்டிவிட வேண்டும். அண்ணைக்கு விதி மனப்பாடம். ஆனால் ரூபி தின்னத் தொடங்கியிருந்தது.

அண்ணை தின்கிற யாரையும் எழுப்பமாட்டார். மன்னாரில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பின்போது அவருடைய அப்பரைச் சோற்றுக் கோப்பையிலிருந்து எழுப்பிக் கொண்டுபோனார்கள். கழுவாத கையோடு போன மனிதர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பூனையைக்கூடச் சாப்பாட்டிலிருந்து கலைத்ததில்லையாம். அன்றைக்கும் அவர் தள்ளி நின்று, ரூபி தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் யன்னலில் தட்டியவரின் முகம் செத்திருந்தது.

"எண்ணூற்றி எழுபது. தலை நடுங்குது."

ரூபியால் கட்டையில் நிற்க முடியவில்லை. எச்சம் பச்சையாகப் போனது. பார்க்க வந்த மிருக வைத்தியர் முதலில் கேட்டதே, இரண்டு கிழமைக்குள் அது காட்டுப் பறவை ஏதும் தின்றதா என்றுதான். அண்ணை இல்லை என்றார். ஓம் என்றால் பிள்ளையைக் கொண்டுபோய் முடித்துவிடுவார்கள் என்ற பயம். அப்படியென்றால் நுளம்பு கடித்து வருகிற காய்ச்சலாக இருக்கும் என்று வைத்தியர் நினைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று தொண்டையில் பஞ்சு தடவி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இருட்டறை, சூடு, மணிக்கணக்குப் பார்த்துக் குழாயால் திரவ உணவு. இதற்கு மேல் மருந்தில்லை என்றார்.

குழாய் விட இரண்டு பேர் வேண்டும். பக்கத்து அறையில் இன்னொரு வல்லூறு இருந்தது, பெயர் மைலோ. அதைப் பழக்கியவள் நிரூபா. இருபத்தெட்டு வயது, எங்களைப்போல வந்தவளில்லை, இந்த நாட்டிலேயே பிறந்த பிள்ளை. கேட்காமலே உதவிக்கு வந்தாள்.

"அங்கிள், யூ நீட் றெஸ்ற். நான் பிடிக்கிறன்."

துவாயால் சுற்றி ரூபியை மார்போடு அணைத்துப் பிடிப்பாள். அண்ணை குழாயை மெதுவாக விடுவார். பிறகு அவள் அதே உடுப்போடு மைலோவுக்குத் தீன் வைக்கப் போவாள். அதைத் தினமும் பார்த்தும் அண்ணை வாய் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருக்கிறது.

குழாய் விடத் தொடங்கிய ஐந்தாம் நாள் காலை யன்னலில் தட்டி, "எண்ணூற்றி ஐம்பத்தைஞ்சு. காடைக் காலைத் தானாய்த் திண்டது" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன தெரியும்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் நானும் நிரூபாவும் இருந்தோம். தாய் கட்டிக் கொடுத்த புட்டையும் மீன்குழம்பையும் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணை போனும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"வாங்கோ அங்கிள். சாப்பிட்டியளா?"

"நீ சாப்பிடு, பிள்ளை."

"மைலோ இண்டைக்குச் சாப்பிடேல்லை. வெயிட் பாக்கவும் விடேல்லை. செல்லம் கூடி ஸ்பொயில் ஆகிட்டான்."

அண்ணை வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. அவள் குழம்பை வழித்து, விரலைச் சூப்பி, எழுந்து கை கழுவினாள். பத்து நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகுதான் சொன்னார். வைத்தியர் போன் எடுத்தாராம். ரூபிக்கு வந்தது பறவைக் காய்ச்சல். தாராவைத் தின்னவிட்டதையும் வைத்தியரிடம் பொய் சொன்னதையும் சேர்த்தே சொன்னார்.

நிரூபா கத்தவில்லை.

"ஏன் அங்கிள் பறிக்கேல்லை?"

"திண்டுகொண்டிருந்தது."

மேசையில் கிடந்த சாப்பாட்டுப் பெட்டியை மூடப்போனவள் நிமிர்ந்தாள்.

"நான் சாப்பிட்டு முடியுமட்டும், தெரிஞ்சுகொண்டே நிண்டனீங்களா?"

"ஓம்."

அவள் தன் வலக்கையைப் பார்த்தாள். திரும்பிப்போய் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிறகு மைலோவின் அறைக்கு ஓடினாள்.

மறுநாள் மைலோ செத்தது. அந்தப் பத்து நிமிடம் முன்னமே சொல்லியிருந்தாலும் எதுவும் மாறியிராது, நோய் ஏற்கெனவே தொற்றிவிட்டது என்று வைத்தியர் சொன்னார். அண்ணைக்கும் நிரூபாவுக்கும் மாத்திரை கொடுத்து, காய்ச்சல் வருகிறதா என்று நாள் எண்ணிப் பார்த்தார்கள். நல்லவேளை, வரவில்லை. நடந்ததைக் கொம்பனியிடம் அண்ணையே போய்ச் சொன்னார். வேலை போய்விட்டது.

அண்ணை பயந்ததுபோல் ரூபியை யாரும் முடிக்கவில்லை, தப்பிவிட்டது. இடக்கண் வெளிறிப்போய்விட்டது, இனிப் பறக்காது. பார்க்க வேறு ஆளில்லாததால் அது நிரூபாவின் பொறுப்புக்கு வந்தது. குறை சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பார்க்கிறாள். ஆனால் அவள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

காலையில் அண்ணை வீட்டிலிருந்து போன் எடுப்பார். நான் ரூபியின் அன்றைய எடையைச் சொல்வேன்.

"திண்டதோ?"

"திண்டது, அண்ணை."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்பதில்லை. நிரூபா இப்போது புட்டையும் கரண்டியால்தான் சாப்பிடுகிறாள் என்பதை நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.