பல்லுக்கிடையில் வெண்கட்டி

கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியின் ருசி எனக்குத் தெரியும். புளிப்புமில்லை, உப்புமில்லை; வாயிலிருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். அதைப் பல்லுக்கிடையில் வைக்கச் சொல்லித் தந்தவர் பெரிய ரீச்சர். குண்டு விழும்போது வாய் திறந்திருந்தால்தான் காது தப்புமாம்.

சண்டைக் காலத்தில், மன்னார்ப் பக்கம், ஆசிரியராகப் போகிற பெட்டைகளுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். நான் அங்கே சமையல். படிப்பித்துப் பழகச் சின்னப் பிள்ளைகள் வேண்டும். எந்தத் தாய் அனுப்புவாள்? அதனால் அடுப்படியில் நின்ற எங்களையே வாங்கில் இருத்தி வகுப்பாக்கினார். எனக்குத் தெரிந்த நாலெழுத்தும் அப்படி வந்ததுதான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படித்த எழுத்து. அதில் எனக்குப் பெருமைதான். "பயப்பிடு பிள்ளை, குரலிலை மட்டும் காட்டாதை" என்று பெட்டைகளுக்குச் சொல்லிக்கொண்டேயிருப்பார். வகுப்பில் 'ஓடு' என்ற சொல்லே கூடாது. கூரை ஓட்டைச் சொன்னாலும் பிள்ளைகள் எழும்பிப் பாய்ந்துவிடுமாம். 'ஓ'வுக்கு ஓடம்தான்.

ஒருநாள் ஒரு பெட்டை, பதற்றத்தில், "ஓ, ஓடு" என்று படித்துவிட்டாள். நாங்கள் விழுந்தடித்துப் பங்கர்க் குழிக்குள் குதித்தோம். அவளும் பின்னால் குதித்தாள். ஏமாந்தது விளங்கிச் சிரிப்பு வந்தது. மேலே நின்று ரீச்சர் ஏசுவது கேட்டது. அந்த நேரம்தான் விமானம் உண்மையாகவே வந்தது. நிலம் ஆடியது, மண் கொட்டியது, அவருடைய குரல் நின்றுபோனது. வெளியே எட்டிப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. அந்தப் பெட்டை இருட்டுக்குள், "ஓ, ஓடம்" என்றாள். பல்லுக்கிடையில் வெண்கட்டியோடு நாங்களும் திருப்பிச் சொன்னோம். எவ்வளவு நேரம் சொன்னோமோ தெரியாது. பிறகு மேலேயிருந்து, இருமலோடு:

"சத்தம் காணாது. இன்னும் பலமா."

அன்றைக்கு அழுததுபோல் நான் பிறகு அழவில்லை.

கடைசிச் சண்டையில் ரீச்சர் எங்கே போனார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. நான் இத்தாலிக்கு, பலெர்மோ நகருக்கு வந்து சேர்ந்தேன். இங்கே அல்பெர்கேரியாப் பகுதியில் கோயில் மண்டபத்தில் ஞாயிறுகளில் தமிழ் வகுப்பு. கதவு திறப்பதும் கூட்டுவதும் நான். போன கிழமை திருவிழாவுக்குப் பட்டப்பகலில் வெடி கொளுத்தினார்கள். கண்ணாடி அதிர்ந்தது. பலகையடியில் கிடந்த வெண்கட்டி எப்படி என் வாய்க்குள் போனதோ.

"அன்ரி, அது வாணவெடிதானே" என்றாள் படிப்பிக்கிற பிள்ளை.

ஓம், தெரியும் என்று தலையாட்டினேன். இஞ்சைப் பிள்ளைகளுக்குப் பயமில்லை, வெடியை மேவிக் கத்திப் படித்தார்கள், "ஓ, ஓடம்." நல்ல சத்தம். ஆனாலும் வெண்கட்டியை எடுக்காமல், மேலே அந்த இருமலுக்குக் காது வைத்தபடி நின்றேன்.