கல்யாணம் ஆகவில்லை என்று நிரூபிக்கச் சேந்தமங்கலம் போனேன்

என் தம்பி கதிர்வேல் பாங்காக்கில் ஒரு துணி மொத்தக் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறான். ஆடி இரண்டாவது வாரம், ஒரு மதியம் கூப்பிட்டான். "அக்கா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு நம்மூர்ல ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி அனுப்பணும்" என்றான். பின்னால் அவனுடைய இரண்டு வயது மகள் எதற்கோ அடம்பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"சரிடா சாமி, உம்பொண்ணையே சாட்சிக்குப் போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. விஷயம் பெரிது என்று அப்போதுதான் தெரிந்தது.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் அருவி, கோயில், எங்கே தோசை நன்றாக இருக்கும் என்றுதான் எழுதுவேன். இந்தப் பயணத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆட்டையாம்பட்டியில் இருந்து சேந்தமங்கலம், அப்புறம் சேலம் ஃபேர்லேண்ட்ஸ், அவ்வளவுதான். ஆனாலும் தாய்லாந்தில் தம்பியோ மகனோ இருக்கிற வீட்டார் இதே பஸ்ஸில் ஏற வேண்டி வரலாம். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்த எனக்கு இதைப் புரியவைக்கக் கதிர் மூன்று தடவை போன் செய்ய வேண்டியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவனுக்கும் மாலி என்ற தாய்லாந்துப் பெண்ணுக்கும் அவள் ஊரில் கல்யாணம் நடந்தது. பிட்சுக்கள் வந்து ஓதினார்கள், பெரியவர்கள் இருவர் மணிக்கட்டிலும் வெள்ளை நூல் கட்டினார்கள், ஊரே சாப்பிட்டது. மாவட்ட அலுவலகத்தில் போய்ப் பதியத்தான் இல்லை. பதியாத கல்யாணம் அந்த நாட்டுச் சட்டத்தில் கல்யாணமே இல்லையாம். பிறப்புச் சான்றிதழில் அப்பா என்று இவன் பெயர் இருந்தாலும், பெற்றவர்களின் கல்யாணம் பதிவாகாவிட்டால் சட்டப்படி குழந்தை அம்மாவுக்கு மட்டும்தான்.

இத்தனை நாளாக இவன் கவலைப்படவில்லை. வேலை இருந்தது, வேலையைக் காட்டி விசா இருந்தது. இப்போது புரட்டாசிக் கடைசியில் கடையை மூடுகிறார் முதலாளி. வேலை முடிகிற அன்றைக்கே விசாவும் முடிந்துவிடும். அதற்குள் கல்யாணத்தைப் பதிந்துவிட்டால், அந்த ஊர்ப் பெண்ணின் கணவன் என்று தங்குவதற்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மகள் மேல் இவனுக்கு ஒரு துண்டுக் காகித உரிமையும் இருக்காது. அங்கே பதிய வேண்டுமென்றால், இவன் கல்யாணம் ஆகாதவன் என்று நம் தூதரகம் எழுதித் தர வேண்டும். தூதரகம் எழுதித் தர, சொந்த ஊர்த் தாசில்தார் சான்றிதழ் வேண்டும்.

ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்பார்கள். கல்யாணம் ஆகவில்லை என்ற பேச்சை எடுக்கலாம் என்று நானே ஒரு சாஸ்திரம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

கதிரின் ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் எங்கள் அப்பா வீட்டு முகவரி, சேந்தமங்கலம். அப்பாவும் அம்மாவும் இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. விண்ணப்பத்தை முன்கூட்டியே ஆட்டையாம்பட்டி இ-சேவை மையத்தில் போட்டுவிட்டேன். கட்டணம் அறுபது ரூபாய். ஆதார் நகல், போட்டோ, கதிர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய உறுதிமொழி. நான்காம் நாள் சேந்தமங்கலம் வி.ஏ.ஓ. போனில் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண் குரல். நேரில் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும், வீட்டு ஆள் யாராவது இருங்கள் என்றார்.

வியாழக்கிழமை காலை 6.40-க்கு ஆட்டையாம்பட்டியில் பஸ் ஏறினேன். வெண்ணந்தூர் வழியாக ராசிபுரம் ஐம்பது நிமிடம். வெள்ளைப் பலகை பஸ், பெண்களுக்குக் காசு கிடையாது. ராசிபுரத்தில் இரண்டு இட்லி, ஒரு டீ, முப்பத்தைந்து ரூபாய். சட்னியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லது. 8.05-க்கு சேந்தமங்கலம் பஸ். இருபத்திரண்டு ரூபாய், முக்கால் மணி நேரம். இறங்கும்போது கொல்லிமலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் பாருங்கள், நான் காகிதத்துக்கு வந்தவள் என்று நடந்தேன்.

பக்கத்து வீட்டுச் சின்னப்பண்ணன்தான் எங்கள் வீட்டுச் சாவியை வைத்திருப்பவர். அறுபது வயது, பதினான்கு ஆடு, வம்பு பேச எந்நேரமும் தயார். என்னைக் கண்டதும், ஊட்டை விற்க வந்துவிட்டேனா என்று கேட்டார். ஆளையே விற்கப் போகிறேன் என்றேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வி.ஏ.ஓ. 10.15-க்கு ஸ்கூட்டியில் வந்தார். வீட்டைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். பிறகு சின்னப்பண்ணனின் ஆட்டுப்பட்டிப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். என்ன பார்க்கிறார் என்று நானும் எட்டிப் பார்த்தேன். அங்கே இருந்தது என்னவென்று சொல்ல மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்போது என் மகள் பெரியவளானதற்கு இதே சேந்தமங்கலம் வீட்டில் வைத்துச் சீர் செய்தோம். தாய்மாமன் சீர் எங்கள் பக்கம் சாதாரண விஷயம் இல்லை. மாமனும் அத்தையும் ஜோடியாக நின்று தட்டு எடுத்து வர வேண்டும். கதிர் மாலியை அழைத்துக்கொண்டு வந்தான். வந்த அவசரத்தில், திரும்பி உள்ளே நுழைவதற்கான அனுமதிச் சீட்டைப் போடாமல் கிளம்பியதால், இருந்த விசாவே ரத்தாகி, திரும்பப் போய் முதலில் இருந்து மனுப் போட்டது தனிக் கதை. இருபத்தோரு தட்டுச் சீரில் எதையும் மறக்காதவன் அந்த ஒரு சீட்டை மறந்தான். மாலி பட்டுப்புடவை கட்டி, செருப்பில்லாமல், தலையில் தட்டு வைத்து நடந்து வந்தாள். சொந்தக்காரர்கள் யாரும் ஒரு கேள்வி கேட்டுவிடக் கூடாது என்று, வீட்டு வாசலில் எட்டுக்கு ஆறு அடியில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்திருந்தேன். என் காசு, என் யோசனை. 'தாய்மாமன் திரு. கதிர்வேல் – திருமதி மல்லிகா தம்பதியர்' என்று எழுத்து. மாலியை மல்லிகா ஆக்கியதும் நான்தான்.

விசேஷம் முடிந்தால் ஃபிளெக்ஸ் எங்கே போகும்? எங்கள் ஊரில் மழைக்கு மறைப்பாகப் போகும். ஆட்டுப்பட்டியின் மேற்குப் பக்கத்தில், தம்பதியர் இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தார்கள். 'திருமதி' மட்டும் பளிச்சென்று இருந்தது.

"அக்கா, விண்ணப்பத்துல இருக்கறது இவருதானுங்களே?" என்றார் வி.ஏ.ஓ.

இல்லையென்று சொல்ல முடியுமா? சிரித்து மழுப்பப் பார்த்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பேனர் யார் அடித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சின்னப்பண்ணன் பெருமையாக, "இவங்கதானுங்க மேடம். ஊரே வந்து பாத்துச்சுங்க" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நூல் கட்டியது, பதியாதது, கடை மூடுவது, குழந்தை. வி.ஏ.ஓ. பொறுமையாகக் கேட்டார். பேனரை வைத்து யாரும் சட்டப்படி கணவன் மனைவி ஆகிவிட மாட்டார்கள். ஆனால் பார்த்த பிறகு பார்க்காத மாதிரி எழுத அவரால் முடியாது. சட்டப்படி பதிவான கல்யாணம் எதுவும் இல்லை, நடந்ததெல்லாம் இன்னது என்று நான் என் கையால் எழுதித் தர வேண்டும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் அதன் கீழ் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியானால் உள்ளதை உள்ளபடி மேலே அனுப்புகிறேன் என்றார்.

எழுதினேன். அரைப் பக்கம், முக்கால் மணி நேரம். ஒரு தடவை கிழித்துப் போட்டேன். 'என் தம்பிக்குச் சட்டப்படி திருமணம் ஆகவில்லை' என்ற வரியில் கை நின்றது. மூன்று வருடமாக ஊர் முழுக்க அவள் என் தம்பி பெண்டாட்டி என்று சொன்ன அதே வாய். சொன்னதும் பொய் இல்லை, எழுதியதும் பொய் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் திருடி மாதிரி தெரிந்தேன்.

எதிர்வீட்டு டீச்சரம்மா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சின்னப்பண்ணன் பேனாவை வாங்கவில்லை.

"அந்தப் புள்ள இங்க வந்து எங்க ஆட்டுக்குட்டியத் தூக்கி மடில வெச்சுட்டு உக்காந்திருந்துச்சு. அது பொண்டாட்டி இல்லைன்னு நான் எழுதித் தர மாட்டனுங்க" என்றார்.

சட்டப்படிதான், அண்ணா, என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆகலைன்னு பேப்பர் வாங்கறவன் எதுக்கு வாங்கறான்? வேற பொண்ணு பாத்துட்டான்."

தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் என்ன தவறு? நம் ஊரில் அந்தக் காகிதம் அதற்குத்தானே கேட்பார்கள். எத்தனை விளக்கினாலும், என் தம்பிக்காக நான் எதையும் அச்சடிப்பேன் என்பதற்கு அந்த ஃபிளெக்ஸே சாட்சியாக எதிரில் நின்றது. மணி 11.50. வி.ஏ.ஓ. கடிகாரத்தைப் பார்த்தார். இன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார்.

கதிருக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் மதியச் சாப்பாடு நேரம்; வீட்டில்தான் இருந்தான். போனைச் சின்னப்பண்ணன் கையில் கொடுத்துவிட்டு நான் விலகி நின்றேன். நான் பேசினால் கெட்டுவிடும் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அவர் கதிரிடம் பேசவில்லை. அந்தப் புள்ளையைக் கூப்பிடு என்றார். மாலி வந்து, தெரிந்த தமிழில், சாப்பிட்டீர்களா, ஆடு சாப்பிட்டதா என்று கேட்டாள். சின்னப்பண்ணன் முகம் கொஞ்சம் இளகியது. இருந்தாலும் விடவில்லை.

"ஏஞ்சாமி, இவன் உன்னைய உட்டுப்போட்டு ஓடிற மாட்டானே?"

கதிர் அதை அவள் மொழியில் சொன்னான். அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள். குழந்தையைத் தூக்கிப் போனுக்கு நேராகப் பிடித்தாள்.

"என்ன சொல்லுது?" என்றார் இவர்.

"இப்ப நான் ஓடுனா யாரும் கேக்க முடியாதாமுங்க. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் என்னைய ஓட உடாமக் கட்ட முடியுமாமுங்க அண்ணா."

சின்னப்பண்ணன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு பேனாவை வாங்கினார். போட்ட கையெழுத்து காகிதத்தின் பாதியைப் பிடித்துக்கொண்டது. பிறகு யாரும் சொல்லாமலே பட்டிக்குப் போய், ஃபிளெக்ஸின் கயிற்றை அவிழ்த்து, படம் ஆடுகளைப் பார்க்கும்படி திருப்பிக் கட்டினார். எதற்கு அண்ணா என்றேன்.

"கலியாணம் முடியற வரைக்கும் பொண்ணு ஊட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

வி.ஏ.ஓ. பெண் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

ஒன்பதாம் நாள் சான்றிதழ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆட்டையாம்பட்டியில் இருந்து சேலம், இருபது கிலோமீட்டர். பழைய பஸ் நிலையத்தில் இருந்து ஃபேர்லேண்ட்ஸுக்கு ஆட்டோ நூற்றி இருபது ரூபாய். நூற்றி ஐம்பதில் ஆரம்பித்தார். அங்கே வெளிநாட்டுக் காகிதங்களுக்கு முத்திரை வாங்கித் தரும் பாய் ஒருவர் ஒரு சின்ன மாடி அறையில் இருக்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்பு, சென்னை முத்திரை, டில்லி முத்திரை எல்லாம் சேர்த்து நான்காயிரத்து இருநூறு வாங்கினார். பத்தொன்பது நாள் ஆனது. சான்றிதழைப் படித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு எப்போது கல்யாணம் என்றார். ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்ததை அப்போதே பதிந்திருந்தால் உங்களுக்கு இந்த வேலை வந்திருக்காது என்றேன். அல்லா கொடுக்கிறதை ஏன் தடுக்கிறீங்க என்றார்.

இதே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. கோயில், பிட்சு, நூல், தாலி எதுவானாலும் நடந்த வாரமே போய்ப் பதிந்துவிடுங்கள். தூதரகக் கடிதத்தை அங்கே தாய் மொழியில் மாற்றி, அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தில் முத்திரை வாங்கித்தான் பதிய வேண்டும். அதற்கும் ஒரு வாரம் வையுங்கள். சான்றிதழ் பழையதாக இருந்தால் ஏற்க மாட்டார்கள் என்று கதிர் சொல்கிறான், அதனால் ரொம்ப முன்னாலும் வாங்க வேண்டாம். நீண்ட விசாவில் இருப்பவர் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை இருக்கிற முகவரியைத் தெரிவிக்க வேண்டும். விசா தாண்டி இருந்தால் நாளுக்கு ஐந்நூறு பாட் அபராதம். ஊருக்கு விசேஷத்துக்கு வருகிறவர் சீர்த்தட்டுக்கு முன்னால் மறுநுழைவுச் சீட்டை எண்ணுங்கள். சட்டம் மாறிக்கொண்டே இருக்கும், நான் சொன்னேன் என்று போய் நிற்காமல் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் அதிகாரியை நினைத்துத்தான் பயந்துகொண்டு போனேன். மாலி மேல் இத்தனை பாசம் வைத்த ஒரு மனுஷன் பக்கத்து வீட்டில் இருப்பதை நினைக்கவே இல்லை.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை, கதிர் ஒரு போட்டோ அனுப்பினான். பூ வரைந்த ஓரம் வைத்த ஒரு சான்றிதழ், எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு குழந்தை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. சின்னப்பண்ணனைக் கூப்பிட்டு, பதிந்தாயிற்று அண்ணா என்றேன்.

"காத்தாலயே எனக்குக் கூப்பிட்டுச் சொல்லிட்டானே" என்றார்.

உடன்பிறந்தவளுக்கு முன்னாலா என்று சண்டைக்குப் போகலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே 6.40 பஸ்ஸைப் பிடித்தேன். ஆட்டுப்பட்டியில் திருமதி மல்லிகா தெருவைப் பார்த்து நின்றாள்.